கடைசி ஒரு சீட்

சிவனாண்டிக்கு ஆடு வாங்கத் தெரியும், ஆடு விற்கத் தெரியும், வாங்குகிறவனுக்கும் விற்கிறவனுக்கும் நடுவில் நின்று இரண்டு பேரிடமும் நல்ல பேர் எடுக்கத் தெரியும். எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தையில் அவர் தரகர். கடம்பூருக்கும் கயத்தாறுக்கும் இடைப்பட்ட ஊரில் கொஞ்சம் கரிசல் காடும் இருந்தது. மழை பெய்த வருஷம் அவர் விவசாயம் பார்க்கிற சம்சாரி. பெய்யாத வருஷம் தரகர். ஆக, தரகர்தான்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்றைக்கு மகள் தீபலட்சுமி, டேட்டா சயின்ஸ் படிக்கப் போகிறேன் என்றாள்.

"அப்படின்னா என்னட்டி?"

"நெறைய விவரத்தச் சேத்து வச்சு, அதுல இருந்து அடுத்து என்ன நடக்கும்னு சொல்லுதது."

"அத நம்ம ஊர்ல சோசியம்பாவ."

"சோசியருக்குக் கணக்கு தெரியாதுப்பா."

"தெரியாமலா மாடி வீடு கட்டிருக்காரு?"

கணக்கில் அவள் வாங்கிய மார்க்கை ஊரில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. அதனால் சிவனாண்டி பேச்சை வளர்க்கவில்லை. மனைவி பெருமாயி தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிறவள். விடியுமுன் வேன் வரும். பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கிவிடும். "என்ன சயின்ஸையும் படிக்கட்டும். அந்த வேன்ல ஏறாம இருந்தாச் சரி" என்று அவள் தன் பங்குக்குச் சொல்லிவிட்டாள். வேன் ஓட்டுகிற எபநேசர் பக்கத்துத் தெருக்காரர், சிவனாண்டிக்கு வேண்டப்பட்டவர். அவரும் அதையேதான் சொன்னார்.

எந்தக் காலேஜ் என்பது மட்டும் பாக்கி. தீபலட்சுமி போனில் ஒரு அட்டவணை போட்டு வைத்திருந்தாள். அரசுக் கல்லூரி, எய்டட் கல்லூரி, இன்ஜினியரிங் கல்லூரி, நிகர்நிலைப் பல்கலைக்கழகம், வீட்டிலிருந்தே படிக்கிற ஆன்லைன் டிகிரி. எதில் என்ன பாடம், யார் நடத்துகிறார்கள், படித்தவர்கள் என்ன ஆனார்கள் என்று கட்டம் கட்டமாக இருந்தது. பாதிக் கட்டங்களில் கேள்விக்குறிதான் நின்றது.

சிவனாண்டி போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "எழுதி வச்சதப் பாத்து யாராவது சரக்கு வாங்குவாவளா? நேர்ல போவோம். நான் பாத்துச் சொல்லுதேன்."

முதல் சரக்கு நேரில் போகுமுன்பே வீடு தேடி வந்தது. கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் ஆள். வெயிலில் ஷூ போட்டுக்கொண்டு வந்த அந்த இளைஞன் கொடுத்த புத்தகம் ஒரு கிலோவுக்குக் குறையாது. அதில் நீச்சல் குளம் இரண்டு பக்கத்துக்கு விரிந்து கிடந்தது.

"இவ நீச்சல் படிக்கலியே தம்பி."

"சார், அது எக்ஸ்போஷர்."

"டேட்டா சயின்ஸ் படம் எந்தப் பக்கத்துல இருக்கு?"

அவன் புரட்டினான். ஒரு பெண் லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப் பக்கத்தில் அதே பெண் பயோடெக்னாலஜிக்காகவும் சிரித்தாள். அவன் போனதும் சிவனாண்டி, "சந்தைக்கு வராம வீடு தேடி வார ஆட்டுல ஒரு கோளாறு இருக்கும்" என்றார். அத்தோடு அது முடிந்தது. பீஸைக் கேட்ட பெருமாயிக்கு முன்பே முடிந்துபோயிருந்தது.

ஆன்லைன் டிகிரியைப் பற்றி மகள் பொறுமையாகச் சொன்னாள். நாடே மதிக்கிற பெரிய நிறுவனம், தேர்வுக்கு மட்டும் நேரில் போனால் போதும், பாடமெல்லாம் வீடியோவில். சிவனாண்டி கேட்டார்: "வாத்தியாரப் பாக்க முடியாது, கட்டடத்தப் பாக்க முடியாது. எதப் பிடிச்சுப் பாத்து வாங்க?" பெருமாயிக்கு வேறு சந்தேகம். ஊரில் சிக்னல் வருவது தண்ணித் தொட்டிப் பக்கம் மட்டும்தான். "மூணு நாலு வருஷம் தொட்டி ஏணியில உக்காந்தா படிப்ப? பாக்குதவன் என்ன நெனைப்பான்?" தீபலட்சுமி அந்தக் கட்டத்தைத் தானே அழித்தாள்.

அரசுக் கல்லூரியில் புதிதாக அந்தக் கோர்ஸ் வந்திருந்தது. வாசலில் அவ்வளவு கூட்டம். சிவனாண்டிக்கு இடம் உடனே பிடித்துப்போயிற்று. கூட்டம் நின்றால் சரக்கு இருக்கிறது. ஆனால் லேபைப் பார்க்க முடியவில்லை. சாவி வைத்திருந்தவர் லீவு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கம்ப்யூட்டர்கள் உறை போட்டுத் தூங்கின. தீபலட்சுமி அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சீட் கிடைத்தால் சேர்ந்துவிடுவதாகத்தான் இருந்தாள். காத்திருப்போர் வரிசையில் அவள் பேர் எங்கோ அடியில் இருந்தது. கூப்பிடுவோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

மிச்சம் இரண்டு.

திருநெல்வேலியில் இருந்தது எய்டட் கல்லூரி. பழைய கட்டடம், உயரமான கூரை, வேப்பமரம். காலேஜுக்குத்தான் அரசு உதவி, இந்தக் கோர்ஸ் மட்டும் சுயநிதி என்று அறிவிப்புப் பலகையில் போட்டிருந்தது. "ஒரே தொழுவத்துல ரெண்டு மொதலாளியா?" என்று சிவனாண்டி முணுமுணுத்தார். புள்ளியியல் துறைத் தலைவர் செலஸ்டின் மேடம்தான் கோர்ஸுக்கும் பொறுப்பு. மின்விசிறிக்கு நேர் கீழே தாள்களின் மேல் கல்லை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இங்கன படிச்சவங்கள்லாம் இப்ப எங்க இருக்காவ?" சிவனாண்டி எந்தக் காலேஜிலும் கேட்கிற முதல் கேள்வி இது.

"போன பேட்ச்ல முப்பது பேர் முடிச்சாங்க. ஆறு பேருக்கு நல்ல வேலை. ஏழெட்டுப் பேர் எம்.எஸ்ஸி. போயிருக்காங்க. சில பொண்ணுங்களுக்குக் கல்யாணம் ஆகிருச்சு. மத்தவங்க தேடிட்டிருக்காங்க."

"தேடிட்டிருக்காவன்னா?"

"கிடைக்கலைன்னு அர்த்தம்."

மேடம் அதோடு நிறுத்தவில்லை. ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர்தான், முதல் வருஷம் பெரும்பாலும் பேனாவும் பேப்பரும்தான், ஆங்கிலம் தடுமாறினால் கஷ்டப்படும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். சந்தையில் இத்தனை வருஷத்தில், தன் ஆட்டின் வாயைத் தானே பிளந்து பல் விழுந்த இடத்தைக் காட்டுகிற வியாபாரியை அவர் பார்த்ததில்லை. ஒன்று, இந்த அம்மாவுக்கு வியாபாரம் தெரியாது. இல்லையென்றால் மந்தை முழுக்கச் சீக்கு.

மேடம் ஒரு தாளை எடுத்துத் தீபலட்சுமி முன்னால் வைத்தார். "இது கோவில்பட்டி மழை, வருஷவாரியா. அடியில சராசரி போட்டிருக்கேன். அந்த அளவு மழை எந்த வருஷம் பெஞ்சிருக்கு?"

தீபலட்சுமி விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தாள். "எந்த வருஷமும் பெய்யல மேடம். ஒண்ணு கூடப் பெஞ்சிருக்கு, இல்லைன்னா கொறையப் பெஞ்சிருக்கு."

"அப்ப சராசரியை வச்சு என்ன பண்ண?"

"அத மட்டும் நம்பி வெதைச்சா வெளங்காது. எவ்வளவு கூடிக் கொறையுதுன்னு பாக்கணும்."

மேடம் பாராட்டவில்லை. இன்னொரு தாளை நகர்த்தினார். இரண்டு பேரும் அதன் மேல் குனிந்தார்கள். சிவனாண்டி அந்த அறையில் இருப்பதையே மறந்துவிட்டார்கள். கரிசலில் மழை சொன்னபடி பெய்யாது என்பது சிவனாண்டிக்குத் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்துக்குப் போய் யாராவது பீஸ் கட்டுவார்களா?

திரும்பி வரும் பஸ்ஸில் தீபலட்சுமி சொன்னாள்: "யப்பா, இதுதான்."

"எது இதுதான்?"

"இந்தக் காலேஜ்தான் வேணும். வேற எங்கயும் வேண்டாம்."

"வாங்குதவன் மூஞ்சில ஆச தெரியக் கூடாதுட்டி. நீ அந்த டீச்சரம்மா முன்னாடி ஈன்னு பல்லக் காட்டிட்டு நிக்க."

"அதுக்காக அவிய பீஸ் ஏத்த மாட்டாவப்பா."

"ஏத்தலியே. அதான் சந்தேகமா இருக்கு."

பைபாஸ் ரோட்டு இன்ஜினியரிங் காலேஜில் அந்தச் சந்தேகத்துக்கே வேலை இல்லை. முகப்பு முழுக்கக் கண்ணாடி. உள்ளே போனதும் வியர்வை காய்ந்துவிட்டது. டீயும் கேக்கும் வந்தன. அட்மிஷன் மேனேஜர் சிவனாண்டியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாவது தடவையும் குலுக்கினார்.

"இங்கன படிச்சவங்கள்லாம் இப்ப எங்க இருக்காவ?"

"சார், முடிக்கவே விட மாட்டாங்க. மூணாவது வருஷமே கம்பெனிக்காரங்க வந்து அள்ளிட்டுப் போயிடுவாங்க."

சிவனாண்டிக்கு மயிர்க்கூச்செறிந்தது. இதுவல்லவா பேச்சு. தீபலட்சுமி குறுக்கே புகுந்தாள். "சார், ஸ்டாடிஸ்டிக்ஸ் யாரு எடுப்பாங்க?"

"எல்லாம் இண்டஸ்ட்ரி எக்ஸ்பர்ட்ஸ்மா."

"அவங்க பேரு?"

"இனிமேதான் ஜாயின் பண்ணுவாங்க."

வீட்டுக்கு வந்தவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதுபோல அது சிவனாண்டிக்கு மரியாதைக் குறைவாகப் பட்டது. அவர் எழுந்து, வேலை வாங்கியவர்களின் படங்கள் மாட்டியிருந்த பலகையைப் பார்க்கப் போனார். கம்பெனிக்கு ஒரு வரிசையாகக் கோட்டும் டையுமாகப் பிள்ளைகள் நின்றார்கள். முதல் வரிசையில் தெரிந்த முகம்.

"ஏட்டி, இது நம்ம எபநேசரு மகன் டெல்வின்லா?"

டெல்வின்தான். இரண்டாவது வரிசையிலும் டெல்வின். மூன்றாவதிலும் அவன்தான்; ஆனால் வகிடு வலப்பக்கம் இருந்தது. படத்தைத் திருப்பிப் போட்டிருந்தார்கள். நான்காவதில் கண்ணாடி மாட்டிவிட்டிருந்தார்கள்.

சிவனாண்டி மெய்ம்மறந்து நின்றார். காலையில் ஒரு வியாபாரிக்குக் காட்டிய கிடாயைக் குளிப்பாட்டி, மத்தியானம் மறுபக்கம் திருப்பி நிறுத்தி இன்னொருவனுக்குக் காட்டுவது சந்தையில் எல்லாருக்கும் கைவராது. அவருக்கே கைவரச் சில வருஷம் ஆனது.

மேனேஜர் பின்னாலேயே வந்து, சனிக்கிழமை சாயங்காலத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் லேப்டாப் பேக் இலவசம் என்றார்.

"லேப்டாப்பா?"

"பேக் சார்."

ஊர் வந்து இறங்கியதும் தீபலட்சுமி வீட்டுக்குப் போகவில்லை. அப்பாவை நேரே எபநேசர் வீட்டுக்கு இழுத்துப் போனாள். படித்து முடித்தவன் வாயாலேயே கேட்டால் தெளிந்துவிடும் என்று நம்பினாள். அதுதான் அட்டவணையில் இருந்த கடைசிக் கேள்விக்குறியும்.

டெல்வின் அப்போதுதான் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். அவனுக்கு ராத்திரி ஷிப்ட்.

"இப்ப எங்கல வேல பாக்க?" என்றார் சிவனாண்டி.

"கோவில்பட்டில பெரியப்பா. துணிக்கடை மாடில."

"என்ன வேல?"

"ஸ்கிரீன்ல ரோட்டுப் படமா வரும். ஆளு, பைக்கு, ஆடு, மாடு எது எங்கன நிக்குன்னு சுத்திக் கட்டம் போடணும். அமெரிக்காவுல காரு தானா ஓடணும்லா, அதுக்குப் படிச்சுக் குடுக்கது."

"அமெரிக்கா ரோட்டுல ஆடு நிக்கா?"

"யாருக்குத் தெரியும். கட்டம் போட்டாச் சம்பளம்."

"நாலு வருஷம் படிச்சது இதுக்கா?"

"பக்கத்துல உக்காந்திருக்கவன் டென்த்து பெயிலு. என்னைய விட வேகமாப் போடுதான்."

எபநேசர் வாசல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காலேஜில் மகனைச் சேர்த்தது அவர்தான். காலேஜ் பஸ் ஊருக்குள் வருகிறது என்பதற்காகச் சேர்த்தார்.

"போர்டுல நாலு கம்பெனில உன் படம் இருக்கேல?"

"ஒண்ணு மூடியாச்சு. ஒண்ணு, டிரெய்னிங்குக்கு நீ பணம் கட்டுன்னான். ஒண்ணு, தெருத் தெருவா இன்சூரன்ஸ் விக்கச் சொன்னான். நாலாவது கம்பெனி பேர அந்தப் போர்டப் பாத்துத்தான் நானே தெரிஞ்சுகிட்டேன். செத்தவனுக்குக் கூட ஒரு படந்தான் மாட்டுவாவ பெரியப்பா. எனக்கு நாலு."

தீபலட்சுமி அப்பாவைப் பார்த்தாள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்ற பார்வை. எபநேசரும் பார்த்தார். சிவனாண்டி தாடையைத் தடவிக்கொண்டார்.

"இவனையே நாலு எடத்துல வித்திருக்கான்னா, எம்மவள எப்படி விப்பான்!"

டெல்வின் டீயைக் கீழே வைத்தான்.

"அண்ணாச்சி, வேல கெடைக்கலன்னுல்லா சொல்லுதான்?" என்றார் எபநேசர்.

"அது வாங்குனவன் பாடுவே. வித்துவிடுததுதான் தரகன் சாமர்த்தியம். அந்த டீச்சரம்மாட்ட அது துளியும் கெடையாது. தன் சரக்கத் தானே கொற சொல்லுதவ, நாளைக்கு ஒரு கம்பெனிக்காரன் வந்து கேட்டா எம்மவளப் பத்தி என்ன சொல்லுவா? இங்கிலீஷ் வராதும்பா, கம்ப்யூட்டரு பாதிதான் தெரியும்பா."

கேட்டால் நியாயம் போலத்தான் இருந்தது. தீபலட்சுமி வீட்டுக்குப் போய்ப் பேசாமல் படுத்தாள். மறுநாளும் பேசவில்லை. அழுதிருந்தால் சிவனாண்டிக்குச் சமாளிக்கத் தெரியும். பெருமாயி, "அவ கேக்குத எடத்துல விட்டா என்ன?" என்றதற்கு, "கேக்குதவளுக்கு வெவரம் இருந்தா நான் எதுக்கு?" என்றார்.

சனிக்கிழமை காலை அட்வான்ஸ் பணத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போனார். மத்தியானத்துக்கு மேல் அப்படியே பைபாஸ் காலேஜுக்குப் போய்க் கட்டிவிடுவதாகத் திட்டம். மகளைச் சர்டிபிகேட்டுகளோடு தயாராக இருக்கச் சொல்லியிருந்தார்.

எபநேசர் சந்தைக்கு வந்தார். அவர்கள் சர்ச்சில் அசன விருந்து. அதற்கு ஆடு பார்த்துக் கொடுப்பது வருஷா வருஷம் சிவனாண்டிதான். ஆனால் இன்றைக்கு எபநேசரின் கண் ஆட்டில் இல்லை. போனை எடுத்தார், வைத்தார். சொன்ன விலைக்குத் தலையாட்டினார். பேரம் பேசாத எபநேசரைச் சிவனாண்டி கண்டதில்லை.

"என்னவே, எங்கயோ ஓடப் போற மாதிரி நிக்கீரு?"

எபநேசர் சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க அண்ணாச்சி. தங்கச்சி மக பிரேமலதாவத் திருநெல்வேலிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வேண்டாம்னு சொன்னீங்கள்லா, அந்த டீச்சரம்மா காலேஜுக்கு. ஒரே ஒரு சீட்தான் கெடக்காம். இன்னைக்குக் கட்டலைன்னா போயிரும்."

"அங்கன வேலையே கெடைக்காதுன்னு அந்தம்மாவே சொல்லுச்சே!"

"எல்லார்ட்டயும் அப்படித்தான் சொல்லுதாவளாம். வேண்டாதவியளக் கழிச்சு விடுததுக்கு. ஒரு ஆபீசர் மகளுக்கே இல்லன்னுட்டாவளாம்."

சிவனாண்டியின் கையிலிருந்த கயிறு நழுவியது. ஆட்டை ஏற்கெனவே ஒருவனுக்கு ரகசியமாகப் பேசி முடித்துவிட்டவன், வருகிற மற்றவனிடம் என்ன செய்வான்? கால் நொண்டி என்பான், இருமுகிறது என்பான். அவரே எத்தனை தடவை செய்திருக்கிறார்! அந்த அம்மா மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு அவரையே கழித்துவிட்டிருக்கிறாள். நல்ல சரக்கு. அவ்வளவு நல்ல சரக்கு என்பதால்தான் அப்படிப் பேசினாள்.

"எபநேசரு, நீரு எப்பக் கெளம்புதீரு?"

"இந்த ஆட்ட சர்ச்சுல கட்டிட்டுப் போணும்."

"நிதானமாப் போரும். ஒண்ணும் அவசரமில்ல."

எபநேசர் தலை மறைந்ததும் சிவனாண்டி தன் வாடிக்கைகளைச் சக தரகர் செண்பகராஜிடம் ஒப்படைத்தார். "திருநெல்வேலில ஒரு காலேஜு. கடைசி ஒரு சீட். அத எபநேசரு தூக்கப் பாக்கான். நான் முந்திக்கிடுதேன்" என்றார். யாரிடமும் சொல்லாதே என்று சொல்ல மறக்கவில்லை. பாதிப் பேரத்தில் சிவனாண்டி சந்தையை விட்டு ஓடியதை அன்றைக்குத்தான் எல்லாரும் பார்த்தார்கள். ஏன் என்று செண்பகராஜ் எல்லாருக்கும் சொன்னான்.

மகளைப் போனில் கயத்தாறுக்கு வரச் சொன்னார். அவர் போய் இறங்குமுன்பே பஸ் ஸ்டாண்டில் அவள் பையோடு நின்றிருந்தாள். திருநெல்வேலி என்றதும் ஏன் என்று கேட்கவில்லை. பஸ் மெதுவாகப் போகிறது என்று வழியெல்லாம் டிரைவரைத் திட்டியவர் சிவனாண்டிதான்.

செலஸ்டின் மேடம் நிமிர்ந்து பார்த்தார். "இப்படி மூச்சு வாங்க வந்திருக்கீங்க? உக்காருங்க."

"அந்த ஒரு சீட் இருக்கா?"

"எந்த ஒரு சீட்?"

"கடைசி சீட்."

"இன்னும் ஒருத்தரும் சேரல, நாற்பதும் காலி. நீங்க அடுத்த மாசம் வந்தாலும் கிடைக்கும்."

சிவனாண்டி அப்போதுதான் உட்கார்ந்தார்.

"பிரேமலதான்னு ஒரு பிள்ள வந்துச்சா? எபநேசரு தங்கச்சி மக?"

"அப்படி யாரும் வரலியே."

எபநேசருக்கு ஒரே தங்கை, நேசம்மாள். நேசம்மாளுக்கு மூன்றும் பையன்கள். மூன்று பேரின் ஞானஸ்நான விருந்துக்கும் ஆடு பிடித்துக் கொடுத்தது சிவனாண்டி. ஒரு குட்டியை வாங்குமுன் அதன் தாய் யார், எங்கே மேய்ந்தது என்று நாலு கேள்வி கேட்கிறவர், பிரேமலதா எந்த வயிற்றில் பிறந்தாள் என்று ஒரு கேள்வி கேட்கவில்லை.

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். அவள் சுவரில் ஒட்டியிருந்த விடுதி விதிகளை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் விடுதியில் தங்கப் போவதில்லை.

சிவனாண்டி எழுந்தார். இப்போது பஸ் ஏறினாலும் பைபாஸ் காலேஜ் மூடுமுன் போய்விடலாம். தீபலட்சுமி திரும்பவில்லை, அவள் விரல்கள் சர்டிபிகேட் பையின் வாரை முறுக்கின. மேடமும் தடுக்கவில்லை. யோசித்து முடிவு பண்ணுங்கள், ஒன்றும் அவசரமில்லை என்று வேறு சொன்னார்.

அவர் வாசலைத் தாண்டுமுன் போன் அடித்தது. செண்பகராஜ். சந்தை இரைச்சல் அறை முழுக்கக் கேட்டது.

"அண்ணாச்சி, சீட் கெடச்சுதா? இங்கன சந்தையே கேக்கு. எபநேசரு முந்திட்டானா?"

சிவனாண்டி ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். இல்லாத பிரேமலதாவைக் காட்டி எபநேசர் தன்னை ஓட விட்டான் என்று சொல்ல வேண்டும். வேன் டிரைவர். ஆட்டுக்குப் பல் பார்க்கத் தெரியாதவன். அதைச் சொல்லிவிட்டு அடுத்த சனிக்கிழமை எந்த முகத்தோடு ஒருவன் துண்டுக்குள் கையை விட்டு விரலால் விலை பேசுவது?

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் விடுவேனால? தூக்கிட்டேன். கடைசி சீட்" என்றார்.

போனை வைத்ததும் மேடம் திருத்தினார். "சார், அவர்ட்ட தப்பாச் சொல்லிட்டீங்க. இன்னும் காலி..."

"நீங்க ரசீதப் போடுங்க டீச்சர்" என்று சிவனாண்டி இடுப்பு முடிச்சை அவிழ்த்தார்.

திரும்பும் பஸ் கங்கைகொண்டான் தாண்டியதும் சிவனாண்டி கேட்டார்.

"எபநேசருக்கு என்ன குடுத்த?"

"ஒண்ணும் குடுக்கல. அவியளாத்தான் வந்து, என்ன சொன்னா உங்கப்பா கேப்பாருன்னு கேட்டாவ."

"அந்த ஆபீசர் மக?"

"நான் சொன்னது."

"கழிச்சு விடுததுக்குத்தான் அப்படிப் பேசுதாவங்கது?"

"அதுவும் நாந்தான்."

சிவனாண்டி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இன்னும் கேட்டால் தரகு கேட்டுவிடுவாளோ என்று இருந்தது.

அடுத்த சனிக்கிழமை சந்தையில் அவர் கதையைத் தானே சொன்னார். முன்னால் மூன்று கார்கள் நின்றதாகவும், ரசீது புத்தகத்தை மூடப்போன நேரத்தில் கையை விட்டதாகவும் கொஞ்சம் உப்புப் போட்டார். செண்பகராஜ் தன் அண்ணன் மகளுக்காக ரகசியமாகத் திருநெல்வேலிக்கு ஓடினான். கிடைத்துவிட்டது. கடைசி சீட் என்று அவனும் வந்து சொன்னான். அவனைக் கேட்டவன் தன் மச்சினன் மகனைக் கூட்டிக்கொண்டு ஓடினான். கடம்பூர், கயத்தாறு, விளாத்திகுளம் என்று ஒவ்வொருவரும் மற்றவருக்குத் தெரியாமல் போய்க் கடைசி சீட்டைப் பிடித்தார்கள். செலஸ்டின் மேடம் ஒவ்வொருவரிடமும் ஆறு பேருக்குத்தான் வேலை கிடைத்தது என்று ஒழுங்காகச் சொன்னார். அவர்கள் புரிந்துகொண்டதற்கு அடையாளமாகச் சிரித்துவிட்டுப் பணத்தைக் கட்டினார்கள். அந்தக் கோர்ஸ் தொடங்கியதிலிருந்து முதன்முறையாக நாற்பதும் நிரம்பியது.

காலேஜ் திறந்த பிறகு ஒருநாள் சாப்பிடும்போது தீபலட்சுமி சொன்னாள்.

"மேடம் இன்னைக்கு எல்லார்ட்டயும் ஒரே ஒரு கேள்வி கேட்டு எழுதித் தரச் சொன்னாவ. ஏன் இந்தக் காலேஜ்ல சேந்தீங்கன்னு."

"என்ன எழுதுனாவ?"

"கடைசி ஒரு சீட்தான் இருந்துச்சு, அதான் சேந்தோம்னு."

சிவனாண்டி ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். "டீச்சரம்மா என்ன சொன்னா?"

"ஒரு கிளாசுக்குக் கடைசி சீட் ஒண்ணுதான் இருக்க முடியும். இத்தன பேரு எழுதிருக்கதால இது தப்பான விவரம். தப்பான விவரத்த வெளிய எடுத்துட்டுத்தான் கணக்குப் போடணும், அதான் மொதப் பாடம்னு எங்கிட்டக் குடுத்தாவ."

"எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

"எடுத்த பெறகு என்ன வந்துச்சு?"

"பாடம் பிடிச்சு விரும்பிச் சேந்தவங்க நூத்துக்கு நூறுன்னு வந்துச்சு."

"நூறு பேரா?"

"நான் ஒருத்திதாம்பா மிச்சம்."

சிவனாண்டி பிசைந்த சோற்றில் ஒரு வாய் உருட்டினார்.

"நூத்துக்கு நூறுங்கத மட்டும் அடுத்த வருஷம் வாரவியட்டச் சொல்லச் சொல்லுட்டி."

"மேடம் சொல்ல மாட்டாவ."

"அப்ப நான் சொல்லுதேன்" என்றார்.